அயோடின் 1200 கேட்ட பையரும் சிம்னி கேஸும்: சிஓ2 புடிக்கிற கார்பன் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

போன மாசம் சரக்கு வாங்குற ஒரு பையர் வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டிருந்தாரு. "சார், பாய்லர் சிம்னில இருந்து சிஓ2 புடிக்க கார்பன் வேணும். அயோடின் 1200க்கு மேல இருக்கணும், சர்ஃபேஸ் ஏரியா எவ்ளோ ஏத்த முடியுமோ ஏத்திக் குடுங்க, சாம்பிள் 5 கிலோ அனுப்புங்க." நான் காங்கயம் பக்கம் ஒரு தொட்டிக்கரி கார்பன் கம்பெனில, சரக்கோட தரம் பாக்குற க்யூசி லேப்ல இருக்கேன். தேங்காய் தொட்டிக்கரில கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க போட்டு, அதுல கேஸோ அழுக்கோ ஒட்டிக்கிற மாதிரி பண்றதுதான் ஆக்டிவேட்டட் கார்பன், அந்த ஓட்டைங்களோட உள்சுவர் பரப்பெல்லாம் சேந்ததுதான் சர்ஃபேஸ் ஏரியா. புகைல போற சிஓ2வ, அதாவது கார்பன் டை ஆக்சைட, புடிக்கணும்னு இந்த மாதிரி கேள்வி இப்ப அடிக்கடி வருது. ஒரு வரில பதில் போட்டு அனுப்பலாம்னு பாத்தா முடியல, ஏன்னா அவர் கேட்டதுலயே ஒரு தப்பு இருக்கு, அந்தத் தப்ப நாங்களும் ரெண்டு வருஷம் பண்ணிருக்கோம். அதான் மொத்தமா எழுதி வச்சிரலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல இந்த அயோடின் வேல்யூன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. கார்பன நல்லா பவுடர் ஆக்கி, எடை போட்டு, ஆசிட்ல கொதிக்க வச்சு ஆற விட்டு, அயோடின் கரைசல ஊத்தி அரை நிமிஷம் குலுக்கணும், அப்புறம் ஃபில்டர். கீழ இறங்குற தண்ணில மிச்சம் எவ்ளோ அயோடின் இருக்குன்னு தயோசல்ஃபேட் வச்சு டைட்ரேட் பண்ணுவோம், கடைசில ஸ்டார்ச் ரெண்டு சொட்டு விட்டா கருநீலம் ஆகும், ஒரே ஒரு சொட்டுல அது பளிச்னு காணாம போகும், அங்க பியூரெட்ட நிறுத்தணும். ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடின முழுங்கிச்சோ அதான் நம்பர். தண்ணி சுத்திகரிப்பு, தங்கச் சுரங்கம், மாஸ்க், எல்லா வியாபாரத்துலயும் இந்த நம்பருக்குத்தான் ரேட். 1000க்கு ஒரு விலை, 1100க்கு ஒரு விலை. இருபத்தஞ்சு வருஷமா கார்பன் வேகுற உலைய, அதாவது கில்ன, ஓட்டுற அண்ணன் கூட காலைல வந்ததும் "அயோடின் என்ன வந்துச்சுங்"ன்னுதான் கேப்பாரு, சாப்டீங்களான்னு கேக்கறது அதுக்கு அப்புறம்தான்.

ஆனா அயோடின் கொஞ்சம் தடிச்ச ஆளு. அது நுழையிற ஓட்டை கிட்டத்தட்ட ஒரு நானோமீட்டரும் அதுக்கு மேலயும். சிஓ2 அப்படி இல்ல, அதோட குறுக்களவு 0.33 நானோமீட்டர். நைட்ரஜன் 0.364. ரெண்டுக்கும் வித்தியாசம் அவ்ளோதான். சிஓ2வுக்கு வேண்டிய ஓட்டையே வேற சைஸ், அத அயோடின வச்சு அளந்தா, சுண்டெலி வளைய எண்ணுறதுக்கு பெருச்சாளிய உள்ள அனுப்பிப் பாத்த கதைதான்.

சிம்னில என்ன வருது

நிலக்கரி பாய்லர் புகைல சிஓ2 ஏறக்குறைய 12ல இருந்து 15 சதவீதம். மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன், கூட தண்ணி ஆவி, கொஞ்சம் ஆக்சிஜன், சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுங்க. கேஸ் டர்பைன்னா இன்னும் மோசம், 3ல இருந்து 5 சதவீதம்தான். சிமெண்ட் கில்ன் புகை கொஞ்சம் தேவல, சுண்ணாம்புக்கல்லே வெந்து சிஓ2 விடுறதால 20 சதவீதத்துக்கு மேலயும் போகும். இதெல்லாம் சாதாரண காத்தழுத்தத்துல, 50 டிகிரிக்கு மேல சூட்டுல வருது. 1 பார்னா கிட்டத்தட்ட சாதாரண காத்தழுத்தம், அதுல நிலக்கரிப் புகை சிஓ2வோட பங்கு அழுத்தம் வெறும் 0.15 பார்.

ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல பளபளன்னு வர்ற நம்பர் எல்லாம் 1 பார் சுத்தமான சிஓ2வுல, 25 டிகிரில, பல நேரம் 0 டிகிரில எடுத்தது. ஐஸ் தண்ணில வச்சு சுத்தமான கேஸ விட்டா எந்தக் கார்பனும் நல்லாத்தான் குடிக்கும். அதே கார்பன 0.15 பார்ல வச்சா கடைல கிடைக்கிற சாதா கார்பன் கிராமுக்கு ஒரு மில்லிமோல் புடிக்கவே தடுமாறும். ஒரு மில்லிமோல்னா 44 மில்லிகிராம். சூடு ஏற ஏற இன்னும் இறங்கும். கார்பன் மேல சிஓ2 ஒட்டுற வெப்பம் மோலுக்கு 28 கிலோஜூல்னு வச்சு கணக்குப் போட்டுப் பாத்தேன், 25ல இருந்து 50 டிகிரிக்குப் போனா புடிக்கிற அளவு பாதிக்கும் கீழ வந்துருது. 

இந்த ஓட்டை சைஸ் விஷயத்த தெளிவா காட்டினது 2011ல அமெரிக்காவுல பிலடெல்பியால இருக்குற ட்ரெக்சல் யுனிவர்சிட்டி குழு. கார்பைடுல இருந்து உலோகத்த குளோரின் வச்சு உருவி எடுத்து, மிச்சம் நிக்கிற கார்பன்ல ஓட்டை சைஸ நினைச்ச மாதிரி வச்சுப் பாத்தாங்க. 1 பார்ல எவ்ளோ புடிக்கும்ங்கறத 0.8 நானோமீட்டருக்குக் கீழ இருக்குற ஓட்டைங்க முடிவு பண்ணுது, 0.1 பார்ல 0.5க்குக் கீழ இருக்குறது முடிவு பண்ணுது. மொத்த சர்ஃபேஸ் ஏரியாவுக்கும் இதுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. அதே வருஷம் ஸ்பெயின்ல ஒவியேடோவுல செவில்லா, ஃபுவெர்தெஸ்னு ரெண்டு பேர் மரத்தூள தண்ணில வேக வச்சு கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுங்கற காரம் போட்டு ஆக்டிவேட் பண்ணி கிராமுக்கு 4.8 மில்லிமோல் காட்டினாங்க, 25 டிகிரி, ஒரு பார். அதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த 4.8 வாங்கின சாம்பிளோட சர்ஃபேஸ் ஏரியா கிராமுக்கு 1260 சதுர மீட்டர்தான், அதே வேலைல 2800 தாண்டின சாம்பிள் அதவிடக் கம்மியா புடிச்சுது. நம்ம பையர் கேக்கறது அந்த 2800 சாம்பிள.

ரிஜெக்ட் மூட்டை

இத எங்க கண்ணால பாத்தது ஒரு கரண்ட் கட் புண்ணியத்துல. எங்க கில்ன்ல 900 டிகிரி பக்கம் ஸ்டீம் விட்டு ஆக்டிவேஷன் நடக்கும், ஸ்டீம் கார்பன அரிச்சு அரிச்சு ஓட்டை போடும், ரொம்ப நேரம் வச்சா சின்ன ஓட்டை எல்லாம் அகண்டு பக்கத்து ஓட்டையோட சேந்துரும். அயோடின் ஏறும், எடை குறையும், கார்பன் லேசாயிரும். அன்னைக்கு ஏதோ ட்ரிப் ஆகி பாதி வேக்காட்டுல மெட்டீரியல் வெளிய வந்துருச்சு. அயோடின் 850 பக்கம், ஸ்பெக்கு வரல, மறுபடி போட ஒதுக்கி வச்சிருந்தாங்க. நான் அதுல ஒரு ரெண்டு கிலோ எடுத்தேன்.

"ஏனுங் சார், இது ரிஜெக்ட் மெட்டீரியலுங், இதப் போயி எதுக்குங் ஊதிப் பாக்கறீங்"ன்னு அண்ணன் சிரிச்சாரு. 

ஒரே அளவு ரெண்டு ஸ்டீல் குழாய், ஒண்ணுல இந்த ரிஜெக்ட், இன்னொண்ணுல நல்ல 1150 சரக்கு, தட்டித் தட்டி ஒரே உயரத்துக்கு நிரப்பினோம். 15 சதவீதம் சிஓ2, மிச்சம் நைட்ரஜன் கலந்த சிலிண்டர் வாங்கி ஒரே ஃப்ளோல விட்டு, வெளிய சிஓ2 மீட்டர் வச்சு ஸ்டாப்வாட்ச அமுக்கினோம். மீட்டர் பூஜ்ஜியத்துல நிக்கிற வரைக்கும் கார்பன் வேலை செய்யுதுன்னு அர்த்தம், ஏற ஆரம்பிச்சா நிரம்பிருச்சு. நல்ல சரக்கு முதல்ல கைய விரிச்சுது. ரிஜெக்ட் அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் தாக்குப் புடிச்சுது. தடவ தடவையா மாத்தி மாத்திப் போட்டும் அதே கதை. காரணம் ரெண்டு, ஓட்டை சின்னது ஒண்ணு, அதே குழாய்க்குள்ள எடை அதிகமா போய் உக்காந்தது ரெண்டாவது. அண்ணன் ரொம்ப நேரம் மீட்டரையே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் "அப்ப இத்தன நாளா நாம நல்ல சரக்க வேக வச்சுக் கெடுத்துட்டு இருந்தமாங்"ன்னாரு. தண்ணிக்கு இல்லைங்கண்ணே, சிஓ2வுக்கு மட்டும்னு சொன்னேன்.

சிப் ஃபேக்டரில இருந்து சிம்னிக்கு வந்த கார்பன்

இப்ப இந்த ஆய்வோட முக்கியமான கேஸ். கார்பன வச்சு சிம்னி சிஓ2 புடிக்கிறதுல லேப் தாண்டி நிஜ பாய்லர் வரைக்கும் போனதுல எனக்குப் புடிச்சது அமெரிக்காவுல எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல்ங்கற ஆராய்ச்சி நிறுவனமும் ஏடிஎம்ஐங்கற கம்பெனியும் சேந்து பண்ணது, அந்த நாட்டு எரிசக்தித் துறை காசுல. ஏடிஎம்ஐ கார்பன் கம்பெனியே கிடையாது, சிப் தயாரிக்கிறவங்களுக்கு மெட்டீரியல் விக்கிறவங்க, பின்னாடி 2014ல என்டெக்ரிஸ் அவங்கள வாங்கிருச்சு. சிப் ஃபேக்டரில ஆர்சைன், பாஸ்ஃபைன்னு முகர்ந்தாலே ஆள் காலியாகுற கேஸ் யூஸ் பண்ணுவாங்க. அத அழுத்தத்துல சிலிண்டர்ல அடைச்சா லீக் ஆனா ஊரே போயிரும், அதனால சிலிண்டருக்குள்ள கார்பன வச்சு அதுல ஒட்ட வச்சுருவாங்க, வாக்குவம் வச்சு உறிஞ்சினாதான் வெளிய வரும். அதுக்கு அடர்த்தியான, ரொம்பச் சின்ன ஓட்டை உள்ள, சாம்பலே இல்லாத கார்பன் வேணும். குளோரின் உள்ள பிளாஸ்டிக் பாலிமர காத்து படாம சூடு பண்ணா குளோரினும் ஹைட்ரஜனும் சேந்து ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவியா ஓடிரும், அது போன சந்துதான் ஓட்டை. எல்லாச் சந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஸ்டீம் விட்டு அரிக்க வேண்டிய வேலையே பெருசா இல்ல. தேங்காய் தொட்டில நமக்கு அந்தக் கட்டுப்பாடு கிடைக்காது, தொட்டி எந்தத் தோப்புல இருந்து வந்துச்சுங்கறதுக்கே ரிசல்ட் மாறும்.

அந்தக் கார்பன சின்னச் சின்ன மணியா, 100ல இருந்து 300 மைக்ரான் உருண்டையா பண்ணாங்க. கடுகவிட ரொம்பச் சின்னது, ரவை மாதிரின்னு சொல்லலாம். ஏன் உருண்டை? அங்கதான் இவங்க வேலையோட அழகே இருக்கு. வழக்கமா நாம என்ன பண்ணுவோம், ரெண்டு டேங்க்ல கார்பன நிரப்பி ஒண்ணு புடிக்கும்போது இன்னொண்ண சூடு பண்ணுவோம். கார்பன் வெப்பத்த மெதுவாத்தான் கடத்தும், பெரிய டேங்க சூடாக்கி ஆற வைக்க மணிக்கணக்கா ஆகும். இவங்க கேஸுக்குப் பதிலா கார்பன நகர விட்டாங்க. ஒரே ஒரு உயரமான டவர், மேல இருந்து மணிங்க தானா உதிர்ந்து வளைஞ்ச தகடுங்க மேல உருண்டு உருண்டு கீழ வரும், புகை கீழ இருந்து மேல ஏறும், போற வழில மணி சிஓ2வ புடிச்சுக்கும். டவரோட கீழ் பாதில ஸ்டீம், 100 டிகிரி பக்கம் சூடேறி சிஓ2வ விட்டுரும். அப்புறம் மணிய உலர்த்தி ஆற வச்சு திரும்ப மேல தூக்கிக் கொட்டணும். தூக்குறது மட்டும்தான் மெஷின் வேலை, மிச்சத்த புவியீர்ப்பு பாத்துக்கும். 

இத ஒஹாயோவுல டொலீடோ யுனிவர்சிட்டியோட நிலக்கரி பாய்லர் புகைல ஓட்டினாங்க, அப்புறம் அலபாமால வில்சன்வில்ல இருக்குற தேசிய கார்பன் கேப்சர் சென்டர்ல பெருசு பண்ணி ஓட்டினாங்க. டொலீடோல 90 சதவீத அளவுக்குப் புடிச்சு, வெளிய வந்த சிஓ2வும் 90 சதவீதத்துக்கு மேல சுத்தமா இருந்துச்சு. லேப்ல ஆயிரம் சுத்துக்கு மேல ஓட்டியும் கார்பன் அசரல. 

ஸ்டீம் எதுக்குன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சதுண்டு, சும்மா சூடு பண்ணா போதாதான்னு. கணக்குப் போட்டாதான் புரியுது. 25 டிகிரில 0.15 பார்ல புடிச்ச கார்பன 100 டிகிரிக்கு சூடு பண்றோம், ஆனா சுத்தி இருக்குறது இப்ப வெளிய வந்த சுத்தமான சிஓ2, அதோட அழுத்தம் 1 பார். சூட்டால புடிமானம் பத்துல ஒண்ணு ஆகுது, ஆனா அழுத்தம் ஆறேழு மடங்கு ஏறிடுச்சு. ரெண்டையும் சேத்துப் பாத்தா தோராயமா மூணுல ஒரு பங்குதான் கழண்டு வரும், மிச்சம் அப்படியே ஒட்டிட்டு இருக்கும். ஸ்டீம் வந்து சிஓ2வ நீர்க்கடிச்சு ஓட்டிட்டுப் போனாதான் கார்பன் காலியாகும், அப்புறம் ஸ்டீம ஆற வச்சா தண்ணியா பிரிஞ்சுரும், சுத்தமான சிஓ2 கைல நிக்கும். ஸ்டீம் இல்லாட்டி வாக்குவம் போடணும். ஆஸ்திரேலியாவுல ஹேசல்வுட் பவர் ஸ்டேஷன்ல சிஓ2சிஆர்சிங்கற ஆராய்ச்சி அமைப்பு ஆளுங்க வாக்குவம் வழில போனாங்க, அங்க கார்பனுக்குப் பதிலா முக்கியமா ஜியோலைட்ங்கற ஓட்டை உள்ள கனிமம், அது தண்ணிய கண்டா சிஓ2வ உதறிட்டு தண்ணிய கட்டிப் புடிச்சுக்கும், அதனால முன்னாடி அலுமினா லேயர் வச்சு காவல் போட்டாங்க. கார்பனுக்கு அந்த அளவு தண்ணிப் பைத்தியம் கிடையாது. அது எவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு கிராஃப் போட்டா, ஈரப்பதம் குறைவா இருக்குற வரைக்கும் கோடு படுத்தே கிடக்கும், ஓரளவுக்கு மேல போனா திடீர்னு நிமிர்ந்து ஏறும். அதனால புகைய ஆற வச்சு ஈரத்த குறைச்சு விடுறது கார்பனுக்கும் தேவைதான், ஆனா எலும்பு காயுற மாதிரி காய வைக்க வேண்டியதில்ல.

கணக்கு எங்க இடிக்குது

கார்பனுக்கு எல்லாரும் சொல்ற பெருமை, சிஓ2வ லேசா புடிச்சுக்கும், அதனால விடுவிக்க வெப்பம் கம்மி. உண்மைதான். மோலுக்கு 28 கிலோஜூல்னா டன்னுக்கு 0.64 கிகாஜூல். எல்லாரும் யூஸ் பண்ற, சிஓ2வோட வினையாகி அத புடிக்கிற அமீன் கரைசல்ல மோலுக்கு 85 பக்கம், டன்னுக்கு 1.9 கிகாஜூல். மூணுல ஒரு பங்கு! இந்த இடத்தோட நிறுத்திட்டு கைதட்டுறவங்க நிறைய.

நிறுத்தாம போவோம். ஒவ்வொரு சுத்துலயும் கார்பன் நிஜமா ஏத்தி இறக்குறது கிராமுக்கு ஒரு மில்லிமோல்னு வைங்க. அப்ப ஒரு டன் சிஓ2வுக்கு 22.7 டன் கார்பன சூடு பண்ணி ஆற வைக்கணும். கார்பனோட வெப்ப ஏற்பு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 1 கிலோஜூல் பக்கம், 80 டிகிரி ஏத்தணும். பெருக்கினா 1.8 கிகாஜூல். மொத்தம் 2.4 ஆயிடுச்சு, அமீன் கரைசலோட மொத்தச் செலவு 3.5 பக்கம்னு வச்சாலும் பழைய லாபம் பாதி கரைஞ்சுருச்சு, இதுல ஸ்டீம் வீணாகுறது, மணிய மேல தூக்குறது, உலர்த்துறது எதையும் நான் இன்னும் சேக்கல. அதே கார்பன் ரெண்டு மில்லிமோல் ஏத்தி இறக்கினா அந்த 1.8 அப்படியே 0.9 ஆகும். கார்பன மேம்படுத்துறதுன்னா என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு மில்லிமோல ரெண்டாக்குறதுதான். ஐஸ் தண்ணில சுத்த கேஸ்ல எவ்ளோ குடிக்கும்ங்கறது எனக்கு வேண்டாம்.

அளவு புரியணும்னா தூத்துக்குடி அனல் மின் நிலையத்துல ஒரு யூனிட்ட எடுத்துக்குங்க, 210 மெகாவாட். ஃபுல் லோடுல மணிக்கு ஏறக்குறைய 200 டன் சிஓ2 வரும். 90 சதவீதம் புடிக்கணும்னா 180 டன். ஒரு மில்லிமோல் கணக்குல மணிக்கு 4,100 டன் கார்பன் சுத்தணும். பத்து டன் லாரில 410 லோடு, ஒவ்வொரு மணி நேரமும், ராத்திரி பகல் எந்நேரமும். அப்ப தேய்மானம் எவ்ளோ முக்கியம்னு பாருங்க, ஒரு சுத்துக்கு லட்சத்துல ஒரு பங்கு தூளாப் போனாக் கூட மணிக்கு 41 கிலோ, ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட ஒரு டன் சாக்கடைக்குப் போகுது. மணி உருண்டையா, வழவழன்னு, கெட்டியா இருக்கணும்னு எஸ்ஆர்ஐ ஆளுங்க ஏன் அவ்ளோ மெனக்கெட்டாங்கன்னு இந்தக் கணக்க போட்ட அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. நம்ம தொட்டிக் கார்பன் ஹார்ட்னஸ் 98 சதவீதம்னு பெருமையா சர்டிஃபிகேட் போடுவோம், நல்ல நம்பர்தான், ஆனா அது ஸ்டீல் குண்டு போட்டு ஒரு தடவ ஆட்டிப் பாத்த நம்பர், மூலை முனையோட இருக்குற சில்லு லட்சம் தடவ உருண்டா என்னாகும்னு அது சொல்லாது.

பொட்டாசியம் பண்ண வேலை

மேம்படுத்தணும்னு கிளம்பினா முதல்ல எல்லாரும் போற ஊரு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. நாங்களும் போனோம். ஒரு காலேஜ் லேப்ல ஃபர்னஸ் வாடகைக்கு எடுத்து, தொட்டிக்கரிப் பவுடர் ஒரு பங்கு, ஹைட்ராக்சைடு மூணு பங்கு கலந்து படகுன்னு சொல்ற சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டுல வச்சு நைட்ரஜன் விட்டு 700 டிகிரி. மறுநாள் காலைல குழாய தொறந்தா படகோட அடில ரெண்டு ஓட்டை, குவார்ட்ஸ் குழாய் உள்பக்கம் வெள்ளையா பொரிஞ்சு விரிசல் விட்டிருக்கு. காலேஜ்காரங்க மூஞ்சிய பாக்க முடியல. அதோட விட்டுச்சா, சாம்பிள கழுவலாம்னு கூட வந்த பையன் நேரா தண்ணிய ஊத்தினான், பட்டுனு ஒரு சத்தம், ஊதா கலர்ல ஒரு சின்ன தீ. சூட்டுல ஹைட்ராக்சைடும் கார்பனும் வினையாகி பொட்டாசியம் உலோகமே உண்டாகுது, அதுதான் கார்பன் அடுக்குக்குள்ள பூந்து ஓட்டை போடுது, மிச்சம் நின்னது தண்ணிய பாத்ததும் பத்திக்கிச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, பையன் புருவம் மட்டும் கொஞ்சம் பொசுங்கிச்சு. இப்பல்லாம் முதல்ல நைட்ரஜன்ல முழுசா ஆற வச்சு, ஆல்கஹால் விட்டு, அப்புறம்தான் தண்ணி.

ரிசல்ட் என்னவோ காகிதத்துல சூப்பரா வந்துச்சு. ஆனா கைல எடுத்தா பஞ்சு மாதிரி இருக்கு. இங்கதான் அடர்த்தி கணக்கு. உதாரணத்துக்கு கிராமுக்கு 4.8 மில்லிமோல் புடிக்கிற பவுடர் லிட்டருக்கு 250 கிராம்தான் அடையும்னா லிட்டருக்கு 1.2 மோல். கிராமுக்கு 2.5 புடிக்கிற சாதா தொட்டிச் சில்லு லிட்டருக்கு 500 கிராம் அடையும், அது 1.25 மோல். டேங்க் சைஸ் லிட்டர்லதானே வரும், கிராம்லயா வரும்? பவுடர அப்படியே டவர்ல போட முடியாது, பைண்டர்ங்கற பசை போட்டு மணியாக்கணும், பைண்டர் கொஞ்சம் ஓட்டைய அடைக்கும். இது போக கழுவுற தண்ணி. ஒரு கிலோ கார்பனுக்கு மூணு கிலோ காரம், அத ஆசிட் விட்டு முறிச்சு உப்புத் தண்ணியா வெளிய விடணும். திருப்பூர் மாவட்டத்துல இருந்துட்டு உப்புத் தண்ணிய பத்திப் பேசவே பயமா இருக்கு, 2011ல ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் பூட்டினத பாத்தவங்க நாங்க.

அடுத்த ஃபேஷன் நைட்ரஜன் சேக்கறது. யூரியா, மெலமின், அம்மோனியா எதையாவது போட்டு கார்பனுக்குள்ள நைட்ரஜன நுழைச்சா அது காரத் தன்மைல சிஓ2வ இழுக்கும்னு ஒரு நம்பிக்கை. 2016ல நாட்டிங்காம்ல அடெனிரன், மொகாயா ரெண்டு பேரும் ஓட்டை அமைப்பு ஒரே மாதிரி இருக்குற கார்பன்கள, நைட்ரஜன் உள்ளது இல்லாததுன்னு பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, நைட்ரஜனால ஒண்ணும் கூடலன்னு வந்துச்சு. யூரியா போட்டா நல்லா வருதேன்னு சொல்றவங்க பல பேருக்கு யூரியா ஓட்டை சைஸத்தான் மாத்திருக்கும்னு நான் நினைக்கிறேன். இதுல சண்டை இன்னும் ஓயல. அமீன கார்பன்ல ஊற வைக்கிறதும் உண்டு, 0.15 பார்ல நல்லாவே புடிக்கும், ஆனா சின்ன ஓட்டை அடைஞ்சு போகும், விடுவிக்க வெப்பமும் கூடிப் போகும். அப்புறம் கார்பன் எதுக்கு, நேரா கரைசலுக்கே போயிரலாமே. தூத்துக்குடில ஆல்கலி கெமிக்கல்ஸ் ஃபேக்டரில 2016ல இருந்து நிலக்கரி பாய்லர் புகைல வருஷம் 60,000 டன் அளவுக்கு சிஓ2 எடுத்து சோடா உப்பு பண்ண ஆரம்பிச்சது கார்பன் க்ளீன் கம்பெனியோட கரைசல் வச்சுத்தான். இந்த விஷயத்துல நம்ம ஊரு பேரு உலகப் பத்திரிகைல வந்ததே அதாலதான், அதுல நம்ம தொட்டிக்கரிக்கு ஒரு பங்கும் இல்லங்கறது எனக்கு லேசா வயித்தெரிச்சல்.

சல்ஃபர் பத்தி ஒரு வார்த்தை. கார்பன் மேல சல்ஃபர் டை ஆக்சைடு, ஆக்சிஜன், தண்ணி மூணும் சேந்தா சல்ஃப்யூரிக் ஆசிட் ஆயிரும், அது 100 டிகிரி ஸ்டீம்க்கெல்லாம் அசையாது. ஜப்பான்ல யோகோஹாமால இசோகோ மின் நிலையத்துல இதையே வேலையா வச்சு நகர்ற கார்பன் படுகைல சல்ஃபர புடிக்கிறாங்க, அத மீட்க 400 டிகிரி பக்கம் சூடு பண்ண வேண்டியிருக்கு. சிஓ2 புடிக்க வச்ச கார்பன் அந்த வேலையும் சேத்துப் பண்ண ஆரம்பிச்சா சின்ன ஓட்டைங்கதான் முதல்ல அடையும். நம்ம ஊர்ல பல பாய்லர்ல சல்ஃபர் எடுக்குற யூனிட்டே கிடையாது, அந்தப் புகைய நேரா கார்பன்ல விட்டா சில வாரத்துலயே கதை முடிஞ்சுரும்.

இப்ப எங்க நிக்குது

கனடாவுல ஸ்வான்டேன்னு ஒரு கம்பெனி, பழைய பேரு இன்வென்டிஸ். ஷீட் ஷீட்டா அடுக்கின சக்கரம் சுத்தும், நிமிஷக் கணக்குல புடிச்சு விடும். ஆரம்பத்துல அதுல ஆக்டிவேட்டட் கார்பன்தான் போட்டாங்க. அப்புறம் கால்கரி யுனிவர்சிட்டில ஜார்ஜ் ஷிமிசு குழு கண்டுபுடிச்ச கேல்ஃப்-20ங்கற துத்தநாகக் கூண்டு மெட்டீரியலுக்கு மாறிட்டாங்க. அதுவும் சிஓ2வ லேசாத்தான் புடிக்குது, ஈரத்துலயும் நிக்குது, 0.15 பார்ல சாதா கார்பனவிட ரெண்டு மடங்குக்கு மேல ஏத்துது. அவங்க மாறினது ஓட்டை எல்லாம் ஒரே சைஸா இருக்குற மெட்டீரியலுக்கு, நான் மேல சொன்ன அந்த ஒண்ணு ரெண்டு கணக்கு அவங்களுக்கும் அதேதான். வருத்தமா இருந்தாலும் நியாயமான முடிவு.

கார்பன் தோத்துருச்சான்னா, 12 சதவீத நிலக்கரிப் புகைல அதுக்குக் கஷ்டம்னுதான் சொல்வேன். சிஓ2 கூடக் கூட கார்பன் தெம்பா வரும். சாண எரிவாயு, குப்பை எரிவாயுல 35, 40 சதவீதம் சிஓ2 இருக்கும், அதுல மீத்தேன பிரிக்க கார்பன் மாலிகுலர் சீவ், அதாவது சல்லடை மாதிரி சின்ன ஓட்டை உள்ள கார்பன், இப்பவே விக்குது, நல்ல விலைக்கு. நாங்க இப்ப பாத்துட்டு இருக்குறது அந்தப் பக்கம். பாதி வேக்காட்டுல எடுத்த தொட்டிக் கார்பன், சாம்பல கழுவிட்டு, தார் பைண்டர் போட்டு ரெண்டு மில்லிமீட்டர் பெல்லட்டா புழிஞ்சு மறுபடி லேசா வேக வச்சிருக்கோம். அண்ணன் இப்ப கில்ன வேணும்னே சீக்கிரம் நிறுத்தறாரு, "ரிஜெக்ட் ரெடிங் சார்"ன்னு போன் பண்றாரு. பெல்லட் இன்னும் கையால தேச்சா கருப்பு ஒட்டுது, பைண்டர் சரியா வரல.

பையருக்கு நான் மூணு கேள்வி திருப்பி அனுப்பினேன். உங்க புகைல சிஓ2 எத்தனை சதவீதம், எங்க கார்பன தொடும்போது என்ன சூடு, முன்னாடி சல்ஃபரும் ஈரமும் எடுக்க ஏதாவது இருக்கா. கூடவே அந்த ரெண்டு குழாய் டெஸ்ட்டோட ஃபோட்டோவும் போட்டு, இந்த வேலைக்கு 850 சரக்கே தேவல சார், விலையும் குறைவுன்னு எழுதினேன். அரை மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு.

"சரி சார். 1200 கிடைக்காட்டி 1150 அனுப்புங்க."

ரெண்டு மூட்டையும் கட்டி வச்சிருக்கேன், ரெண்டையும் அனுப்பறேன், லேபிள்ல அயோடின் நம்பர் மட்டும் போடப் போறதில்ல.